மருத்துவச்சிக்கு விட்ட நான்கு வினாடி

வாள்வீரன் பேசி முடித்ததும் நான்கு வினாடி அமைதி இருக்க வேண்டும். அந்த அமைதியில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

ஒலிப்பதிவாளன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி ஓட்டினான். ஏசியின் முனகல், சூடேறிய கம்பிகளின் வாடை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டப்பகலிலும் இருட்டாகக் கிடக்கும் ஆளில்லாத பதிவறை. ஜப்பான்காரர்களின் வீடியோ விளையாட்டுக்குத் தமிழில் குரல் கொடுக்கும் வேலை அது. நாட்டை இழந்த வாள்வீரன், அவனோடு அலையும் கிழட்டுத் திருடன், தொட்டுக் காயம் ஆற்றும் மருத்துவச்சி. வாள்வீரனின் தங்கை அவள். கடைசிப் போரில் அண்ணனுக்காக அலறிச் சாவாள். நடிகர்கள் தனித்தனியாக வந்து, அடுத்தவருக்கு இடம்விட்டுப் பேசிவிட்டுப் போவார்கள். அந்த நான்கு வினாடி மருத்துவச்சிக்கு விட்டது. அவளுக்குக் குரல் கொடுத்தவள் இவனுடைய சொந்தத் தங்கை. அவள் போய் இருபது நாளாகிறது.

அந்த அலறலை முப்பத்தெட்டு முறை கத்த வைத்தவன் இவன்தான். மூச்சிரைப்புக்காரி என்று தெரியாதா? தெரியும். கூடப் பிறந்தவள்தானே, சொன்னால் செய்வாள் என்கிற இளக்காரம். இளைக்கிறது என்றாள், இன்னும் ஒன்றே ஒன்று என்றான், பாவி. வீட்டுக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

அந்த முப்பத்தெட்டில் ஒன்றும் தேறவில்லை என்று நாளைக்கு வேறொரு பெண் பேச வருகிறாள். அதற்குள் தங்கையிடம் ஒரு மன்னிப்பாவது கேட்டுவிட முடியாதா என்று அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

பதிவுத் திரையில் புது ஒலிக்கோடு ஒன்று ஓடத் தொடங்கியது. அவன் எதையும் தொடவில்லை. முப்பத்தொன்பது என்று எண் விழுந்தது. ஹெட்போனில் அலறல். தங்கைதான். நாற்பது. நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே இளைப்பு.

உள்ளறைக்குப் பேசும் பொத்தானை அழுத்தினான்.

"போதும்மா. ரொம்ப நல்லா வந்துடுச்சு. என்னை மன்னிச்சிடு. நீ போ."

ஹெட்போனில் கம்மிப்போன குரல்.

"பொய் சொல்லாதேண்ணா. நீ என்னைக்கு நல்லாருக்குன்னு சொல்லியிருக்கே? சரியா வரலைன்னா சொல்லு. இன்னொரு தடவை பண்றேன்."

உண்மைதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். "போதும், போதும்" என்று கண்ணாடியை அறைந்தான். திரையில் எண் ஏறியது. உள்ளே யாருமில்லை. மூச்சுக்காற்று படாமலிருக்க மைக்கின் முன்னால் மாட்டிய துணி மட்டும் உள்ளே ஒட்டியது. புடைத்தது. ஒட்டியது. அதில் ஈரம் படர்ந்துகொண்டிருந்தது.