வயர் கழற்றிய கமரா

கணினி செயலிழந்து விழுந்த பிறகும் கமராவின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. றுகையாவுக்கு அது பிடிக்கவில்லை. இயந்திரம் செத்தால் அதோடு ஒட்டியிருக்கிற எல்லாமும் சேர்ந்து சாகவேண்டும், அதுதானே முறை.

கல்முனைக்குடி கடற்கரை வீதியில் அவளுடையது வீடியோவில் கதைக்கிற கடை. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் புருசன்மாரோடு கதைக்கப் பெண்கள் வந்து நீள வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்பு அவளுடைய புருசன் இன்ஸாப் நடத்திய கடை அது. சுனாமி அவரையும் கடையையும் ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டு போனது, அடக்க மையத்துகூடக் கிடைக்கவில்லை. அதே மண்ணில் அவள் திரும்பக் கட்டினாள். ஊர் வாயை மூடவில்லை, இவளும் கடையை மூடவில்லை.

இப்போது ஒரு கிழமையாகக் கணினி நீலத்திரையைப் போட்டுப் போட்டு விழுகிறது. நிலம் இன்ஸாபின் மூத்த சகோதரர் நூஹுவின் பெயரில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற வழியில் அவர் தொப்பியைச் சரிசெய்தபடி வாசலில் நின்றார்.

"தொழுதுட்டு வருவன் றுகையா. அப்பயும் இது விழுந்திச்செண்டா சாவியத் தந்திரணும். தம்பி மௌத்தாப் போன எடத்துல கடை வெச்சா இப்பிடித்தான் வரும்."

"ஓம், வாங்க மச்சான். விழாம ஓடிச்செண்டா இனிச் சாவிக் கதை கதைக்கப்படாது."

அவர் போனதும் வீதி வெறிச்சோடியது. ஆண்களெல்லாம் பள்ளிவாசலில், கடைகளெல்லாம் பூட்டு, நடுப்பகல் வெயிலில் தார் மணக்க, பள்ளி ஒலிபெருக்கியின் பயான் உரை காற்றில் வந்து வந்து மறைய, அந்தக் கிழமைதான் போர் முடிந்திருந்ததற்காக எங்கோ தூரத்தில் மிச்ச வெடி கொளுத்துகிற சத்தமும் கடலின் இரைச்சலும் மட்டும் கேட்டன. றுகையா முக்காட்டை இறுக்கிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

றேம் நினைவகத்தை மாற்றியாயிற்று. சூடோ என்று மூடியைக் கழற்றி மின்விசிறி பிடித்தும் பார்த்தாயிற்று. மிச்சம் டிரைவர்தான், கமரா கண்டதைக் கணினிக்கு எடுத்துச் சொல்கிற சின்ன மென்பொருள். அது பிசகினால் இயந்திரம் குழம்பி விழும். நீலத்திரையின் அடியில் ஒவ்வொரு முறையும் அதன் பெயர்தான் வந்தது. கமராவும் லேசுப்பட்டதல்ல. சுனாமிக்குப் பிறகு பழைய கடை இருந்த மணலுக்குள்ளிருந்து கிண்டி எடுத்து, கிணற்றுத் தண்ணீரில் அலசி, தகரத்தில் கருவாடு காயப்போடுவதுபோல் போட்டு எடுத்தது. அந்தக் கரையில் ரேடியோவையும் தையல் மெசினையும் எல்லாரும் அப்படித்தான் மீட்டார்கள். அது வேலை செய்ததில் அவளுக்குச் சரியான பெருமை.

டிரைவரை அழித்து, சீடியில் இருந்த பழையதைப் போட்டாள். படம் வந்தது. அவள் முகம், பக்கத்தில் கதைக்க வருகிறவர் உட்காரும் வெறும் கதிரை, பின்னால் வெறும் வாங்கு. சரி என்று படத்தை மூடப் போனாள். நீலத்திரை. வேறொரு டிரைவரைப் போட்டாள். படம் வந்தது, நன்றாக ஓடியது. மூடப் போனாள், நீலத்திரை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படம் ஓடும்போது அது விழவே இல்லை. மூடப் போனால்தான் விழுகிறது.

டிரைவரை முழுதாக அழித்தாள். வயரையும் பிடுங்கி மேசையில் போட்டுவிட்டுக் கணினியை எழுப்பினாள்.

படம் வந்தது.

பச்சை விளக்கு. வயர் மேசையில். எங்கோ சொட்டும் சத்தம். சேற்று நாற்றம், கடல் வற்றின அன்றைய நாற்றம்.

படத்தில் பக்கத்துக் கதிரை வெறுமையாக இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். கதிரையில் ஒருவருமில்லை. திரையைப் பார்த்தாள். இருந்தது. நனைந்த ஓர் உருவம், தலைமயிர் முகத்தில் ஒட்டி. மூச்சில்லாமல்.

பயம் விலக ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினாள், நடுவில் நாக்குப் பின்னியது. கால்கள் வீதிக்கு ஓடத் துடித்தன. ஓடினால் சாவி போய்விடும். பயத்துக்கு அடியிலிருந்து கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஒருக்கா எல்லாத்தையும் எடுத்தாச்சி, இனி ஒண்டும் தரமாட்டன்! இரிக்கிறெண்டா இரி. படத்தையும் மூடமாட்டன், கடையையும் மூடமாட்டன்!"

கணினி விழவில்லை. பள்ளியில் தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கும் சத்தம் கேட்டது. வீதியில் செருப்புச் சத்தம் வந்தது. நூஹு உள்ளே வந்தார்.

"என்னகா, விழல்லயா?"

"விழல்ல."

"நிப்பாட்டாம ஓடுதா?"

"ஓடுது மச்சான். சாவி எனக்குத்தான்."

அவர் பின்னால் கிடந்த வாங்கில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். அவளுடைய முதுகு திரையை அவருக்கு மறைத்திருந்தது. படத்தில் அவர் ஓர் இடைவெளியில் இருந்தார். இரு பக்கமும் நனைந்த தலைகள், தோளோடு தோள் இடித்து, வாங்கு முட்ட, வாசல் முட்ட, வெயில் எரிக்கிற வீதி நீளத்துக்கும் கடல்வரைக்கும் வரிசை.

றுகையா எச்சிலை விழுங்கினாள். கடை என்றால் கடைதான். பக்கத்துக் கதிரையின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், வருகிறவர் எல்லாரிடமும் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஆரோட கதைக்கணும்?"

"என்னயா கேக்காய்?" என்று சிரித்தார் நூஹு. "எனக்கு ஆரு இரிக்கா கதைக்க?"

திரையில் கதிரையிலிருந்தது மெல்லக் கையைத் தூக்கியது. அதன் பின்னால் வாங்கில், வாசலில், வீதியில், கடல்வரைக்கும், ஒவ்வொரு கையாக எழுந்தது. ஊறி வெளுத்த விரல்கள். எல்லாம் நூஹுவை நோக்கி.