அளவு வாரம்

காலையில் முதல் வேலை உணர்தரையைத் துடைப்பது. ஈரம் தங்கினால் அது அடிகளைத் தவறாகப் பதிவுசெய்யும். பணிப்பெண் மெர்லின் துடைத்து முடித்ததும் சுவரில் அறையின் சார்புப் புள்ளி ஒளிர்ந்தது.

முதியோர் இல்லத்துக்கு அரசு மானியம் தருவது இந்தத் தரை சொல்வதை வைத்துத்தான். ஒருவரைப் பிறர் தூக்கிவிட்டால் புள்ளி கூடும். அவரே எழுந்து நடந்தால் குறையும். புள்ளிக்கு ஏற்பத்தான் மானியம்.

அந்த அறைக்கு நடக்க முடியாமல் வந்த ஜெபசிங் தேறிவிட்டார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். உணர்தரை இல்லாத இடம் துணி காயப்போடும் முற்றம் ஒன்றுதான். அங்கே வைத்து மெர்லின்தான் அவரை நடக்கப் பழக்கினாள். மகள் வீட்டு மாடிப்படி ஏறவேண்டும் என்பது அவர் ஆசை. இப்போது கொடிக்கயிற்றைப் பிடிக்காமலே நடந்தார்.

அதற்குள், மானியத்துக்காகப் புள்ளியைக் கணக்கெடுக்கும் அளவு வாரம் வந்துவிட்டது. மானியம் குறைந்தால் இரவுப் பணியாளரை நிறுத்திவிடுவார்கள். பக்கத்துக் கட்டில் சுப்பையாவைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் இருக்காது. அவரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

“அய்யா, இந்த வாரம் மட்டும் நீங்களா எந்திரிக்காதீங்க,” என்று முற்றத்தில் வைத்துக் கேட்டாள்.

“ஏளா, காலமெல்லாம் உக்காந்தே பஸ் ஓட்டுனவன் நான். உக்காரதுக்கு நீ பாடம் எடுக்கியா?” என்று சிரித்தார். “சுப்பையா குறட்டை இல்லாம எனக்கும் தூக்கம் வராது.”

அந்த வாரத்திலேயே மகள் ரீனா சொல்லாமல் வந்து நின்றாள். சுவரிலிருந்த புள்ளியைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

“மாடி ஏறுவீங்கன்னா கூட்டிட்டுப் போயிரலாம்னுதான் வந்தேம்ப்பா. அந்த மாடி ரூமை மாமியார் கேக்காங்க. இன்னைக்கு அவங்களுக்குப் பதில் சொல்லணும்.”

ஜெபசிங் மெர்லினைப் பார்த்தார். அறைக்குக் காதும் உண்டு; பேசுவதும் பதிவாகும். ஆனால் முற்றம் பக்கத்தில்தான் இருந்தது. ரீனாவை அங்கே அழைத்து, அவர் நடப்பதைச் சொல்லியிருக்கலாம். மெர்லின் கையிலிருந்த தலையணை உறையை மடித்தாள். பிரித்து, மறுபடி மடித்தாள்.

“அவங்களுக்கே குடு,” என்றார் ஜெபசிங். “எனக்கு என்ன குறை? தூக்க ஆளு, துடைக்க ஆளு. மகாராஜா கணக்கா இருக்கேன்.”

ரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜெபசிங் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற இரண்டு கைகளையும் நீட்டினார். மெர்லின் அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அவர் கனக்கவில்லை. தரையில் படாமல் கட்டிலின் கீழ்ச்சட்டத்தில் பாதத்தை ஊன்றி அவரே எழுந்துகொண்டிருந்தார்.

சுவரில் ஒரு புள்ளி ஏறியது.

“மெதுவாத் தூக்குளா, உனக்கு இடுப்பு பிடிச்சிரும்,” என்றார், அறைக்குக் கேட்கும்படி.