தையலுக்குள் இரண்டு புள்ளிகள்

2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். கெடா, யான் மாவட்டம். சத்தியசீலனின் சியாக்காப் எனும் கொடுவா மீன் பண்ணை. ஆய்வறைத் தொட்டியில் ஒரு பிணம் குப்புற மிதந்தது.

ஆராய்ச்சியாளர் சசிதரன்!

பின்மண்டை பிளந்திருந்தது. பன்னிரண்டு மீன்கள் இரத்தத்தில் நீந்தின...

வாசலில் பண்ணைத் தொழிலாளி காளிதாசன். கையில் விலங்கு. முதலாளி குத்தியதில் உதடு கிழிந்திருந்தது.

"நான் அடிக்கல பிரேமா! கீழ கெடந்த கட்டைய நகத்திட்டு அவரத் தண்ணியிலேருந்து தூக்கத்தான் போனேன்!"

அவன் மனைவி பிரேமாவதி அழவில்லை. பண்ணையில் மீன் வெட்டுபவள் அவள். இன்ஸ்பெக்டர் ஹபீஸா வண்டியைக் கிளப்புவதற்குள் கணவனை மீட்டாக வேண்டும்!

"இவன்தான் மேடம்! கட்டையோட நின்னான்!" முதலாளி சத்தியசீலன் கத்தினான்.

"உங்களுக்கும் சசிதரனுக்கும் ஏதும் சண்டையா?" ஹபீஸா கேட்டார்.

"எனக்கா? ஆராய்ச்சி நல்லாத்தான் போச்சு லா! பன்னெண்டு மீனும் பத்திரமா இருக்கு, பாருங்க. வெள்ளி, சனி லீவு. சாவி எங்கிட்டதான். காலையில நான்தான் தொறந்துவிட்டேன். நடுவுல ஒரு எலிகூட உள்ள போகல!"

"எலி போகல பாஸ்... நீங்க போனீங்க!" பிரேமாவதி முன்னே வந்தாள். "மேடம், இந்தத் தையல் சசி சார் போட்ட மாதிரி இல்ல. ஒரு மீன வெட்டிக் காட்டட்டுமா?"

"வாய மூடு!" சத்தியசீலன் சீறினான்.

"வெட்டு," என்றார் ஹபீஸா.

மீனின் வயிற்றில் தையல் இருந்தது. கத்தி சரக்கென்று இறங்கியது. குடலை ஒதுக்கினாள். சிறுநீரகத்தின்மேல் அரிசிக் குருணை போல இரண்டு வெள்ளைப் புள்ளிகள்!

"என்ன இது?"

"சுண்ணாம்புச் சத்துக்குக் காவல்காரன், மேடம். மீனு தண்ணியிலேருந்து செவுள் வழியா அந்தச் சத்த இழுக்கும். போதும்னா இந்தப் புள்ளி ஒரு ஹார்மோன விட்டுக் கதவ அடைச்சுடும். பாஸ் விக்கிற வளர்ச்சி ஊசி போட்ட மீனு மளமளன்னு வளந்துச்சு... வெட்டிப் பாத்தா முதுகெலும்பு வளஞ்சிருக்கு! 'தண்ணியில சத்து பத்தல'ன்னு பாஸ் சாதிச்சாரு. அதான் சசி சார் ஊசி போட்ட மீனுல இந்தப் புள்ளிய எடுத்தாரு. சத்து தாராளமா உள்ள போயும் எலும்பு வளஞ்சா, குத்தம் ஊசி மேலதானே!"

"பன்னெண்டுக்கும் எடுத்தாரா?"

"எல்லாத்துக்கும்! மீனப் பிடிச்சுக்கிட்டதே நான்தான்!"

ஹபீஸா திரும்பினார்.

"அப்போ இது வேற மீன். உள்ள என்ன எடுத்தாங்கன்னு தெரியாத ஆளு போட்ட தையல்... சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு சொன்னீங்க, சத்தியசீலன்?"

சத்தியசீலன் பாய்ந்தான்!

கத்தியைப் பிடுங்கிப் பிரேமாவதியின் தோளில் இறக்கினான்! சுவரெங்கும் இரத்தம் தெறித்தது. அவள் சாயவில்லை. இரும்பு வாளியைச் சுழற்றி அவன் தாடையில் அறைந்தாள். இரண்டு பற்கள் தொட்டியில் விழுந்தன!

"தையலப் பாத்ததுமே கண்டுபிடிச்சுட்டான்..." தரையில் கிடந்து குழறினான் சத்தியசீலன். "அதான் அடிச்சேன்!"

காளிதாசன் அன்று மாலையே விடுவிக்கப்பட்டான். சசிதரனின் பன்னிரண்டு மீன்களும் சத்தியசீலனின் வீட்டு ஐஸ் பெட்டியில் அகப்பட்டன. அத்தனை முதுகெலும்புகளும் வளைந்திருந்தன. ஊசி தடை செய்யப்பட்டது. நீதிமன்றம் சத்தியசீலனுக்கு முப்பத்தைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

தீர்ப்பு நாளில் ஹபீஸா சிரித்தார். "உன்ன டாக்டர்னே கூப்பிடலாம் போல!"

"ஐயோ, வேணாம் மேடம்! டாக்டர்னா தைக்கணும்... எனக்கு வெட்ட மட்டும்தான் தெரியும்!"