கிளறாத மூலை

வடமூலைப் பார்லி, காய்ச்சல் கண்டவன் நெற்றியைப் போலச் சுட்டது. பொன்னாத்தாள் கையை எடுத்துக்கொண்டாள்.

மேட்டுப்பாளையத்து முளைக்கூடத்தில் பகலிலும் ஜன்னல் திறப்பதில்லை. மலைமேல் பீர் காய்ச்சும் வெள்ளைக்காரனுக்காக ஊறவைத்த பார்லியைக் கல்தரையில் பரப்பி, வேர்கள் பின்னிக்கொள்ளாதபடி நாளுக்கு நான்கு முறை மரத்துடுப்பால் கிளறுவது அவள் வேலை. ஈரச் சாக்கும் நறுக்கிய வெள்ளரிக்காயும் கலந்தாற்போன்ற வாசனை அங்கே எந்நேரமும் அசையாமல் நிற்கும், காது கொடுத்தால் இருட்டுக்குள் உமிகள் வெடிக்கிற நுண்ணிய சத்தமும் கேட்கும்.

வடமூலையை மட்டும் எட்டு நாளாக அவள் தொடவில்லை. அதற்கு முந்தின நாள், அவள் கணவன் காளிச்சாமியைப் பார்லி ஊறவைக்கும் தொட்டிக்குள் இறங்கிக் கழுவச் சொன்னவர் மேஸ்திரி சுந்தரராஜுலு. அவன் இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. ஏறியதைப் பார்த்தவர் இல்லை. மறுநாள் தொட்டி சுத்தமாக, காலியாகக் கிடந்தது. முளைப்பாரியை இருட்டில் வைத்து, கலைக்காமல் வளர்த்தால்தான் அம்மன் கேட்டதைக் கொடுப்பாள். இதைவிட இருட்டான இடம் பொன்னாத்தாளுக்குத் தெரியாது. மாசாணியாத்தா, அவரைத் திருப்பிக் கொடு என்று வேண்டிக்கொண்டு, அந்த மூலையை விட்டுவிட்டாள்.

கதவருகே மேஸ்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"உன்ற புருசன் வால்பாறைல எவகூடவோ தேயிலை கிள்ளிக்கிட்டிருப்பான் அம்மணி. நீ இங்க மூலைய அழுக உட்டுப்போட்டு நிக்கற."

"அழுகலீங்க. நல்லா மொளச்சிருக்குதுங்க."

"நாளைக்குத் தொரை வாராரு. பூராத்தையும் ஒடச்சு, காயவெக்கற சூளைல போடு. இல்லீன்னா அவன் போன பக்கமே நீயும் போயிரு."

கதவு சாத்தப்பட்டது.

உடைத்தால் வேண்டுதல் போய்விடும். அப்படியே பெயர்த்தெடுத்துச் சாக்குகளுக்குப் பின்னால் மறைத்துவிடலாம் என்று நினைத்தாள். அரிக்கேன் விளக்கைத் தரையில் வைத்து, வெள்ளை வேர்கள் பாயைப் போலப் பின்னிக் கிடந்த அந்தக் குவியலின் அடியில் இரண்டு கைகளையும் நுழைத்தாள். மேலே முளைகள் விரலளவு வளர்ந்து ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, அவள் நின்ற பக்கமாக.

கனத்தது. ஆள் கனம்.

குவியல் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

உமி வெடிக்கும் சத்தம் கூடம் முழுக்க நின்றுபோயிற்று.

"ஏனுங்க," என்றாள்.

அரிக்கேன் சுடர் சிறுத்தது. வேர்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு கை வந்தது. வெளுப்பு. ஈரம். முழுக்க வேர். எண்ணிப் பார்த்தாள். நான்கு விரல். காளிச்சாமியின் சுண்டுவிரல் கரும்பாலையில் போனது.

அது அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இதமாகத்தான் பிடித்தது.

"முடிஞ்சுதா?" வெளியிலிருந்து மேஸ்திரி.

பதில் சொல்ல அவள் வாய் திறந்தாள். நகங்களுக்கு அடியில் ஏதோ நுழைந்தது. பத்து விரலிலும். மெல்ல. ஈரம் தேடி.