பார்த்ததற்கு அத்தாட்சி

சாந்தா ரீத்தா தீவின் விமான நிலையத்தில் பெட்டி வந்து சேரும் முன்பே செவுள் வந்துவிடும். இறங்கியவர்கள் வரிசையில் நின்று, காலரைத் தளர்த்தி, கழுத்தின் இரண்டு பக்கமும் ஊசி போட்டுக்கொள்வார்கள். கொஞ்சம் அரிக்கும். ஊசியில் போன நுண்திசு தொண்டைக்குள் படர்ந்து, தண்ணீரிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து இரத்தத்தில் சேர்க்கும். மூன்றாம் நாள் இருமலோடு வெளியே வந்துவிடும். குழந்தைகளுக்கு ஸ்ட்ராபெரி வாசனை ஊசி உண்டு. பெரியவர்களில் பாதிப்பேர் அதையே கேட்டு வாங்கினார்கள்.

கரீபியன் கடலில் சாந்தா ரீத்தாவுக்கு இருந்த புகழ் ஒரே ஒரு காரணத்தால்தான். அங்கே படகு வேண்டாம். தீவைச் சுற்றி ஓடும் சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் அடித்த கற்களில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். கல்லருகே வண்டியை நிறுத்திவிட்டு, சுண்ணாம்புப் பாறையில் தடுமாறி நடந்து, இடுப்பளவு தண்ணீரில் மூழ்கினால் போதும். கொஞ்ச தூரம் மணல். அப்புறம் கடல் சட்டென்று ஆழத்துக்கு இறங்கும். அந்தச் சரிவு முழுக்கப் பவளத்திட்டு. போன நூற்றாண்டில் சூடு தாங்காமல் வெளுத்துச் செத்த திட்டுகள் அவை. வெப்பந்தாங்கிப் பவளம் என்ற புது ரகத்தை விரல் அளவு துண்டுகளாக நட்டு மறுபடி வளர்த்திருந்தார்கள்.

நட்டவர்களில் ஒருத்தி ரெக்ஸலின் மச்சாது. தூத்துக்குடிக்காரி. ஒரு பருவத்துக்கு என்று வந்தவள், நட்டதை விட்டுப் போக மனமில்லாமல் தங்கி, திட்டுக் காவலராகவே ஆகிவிட்டாள். பவளம் வளர்ந்தது. பார்க்க ஆட்கள் வந்தார்கள். அங்கேதான் தொல்லை தொடங்கியது.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் சேரும்போதே எல்லோருக்கும் வலக்கண்ணில் விழிப்பேழை பொருத்திவிடுவார்கள். கண் பார்ப்பதையெல்லாம் அது பதிந்து வைக்கும். பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் அனுப்பும். கடலுக்குள் வந்தவர்கள் மீனைப் பார்க்க வரவில்லை, மீனைப் பதிய வந்தார்கள். பொந்துக்குள் இருந்த விலாங்கைக் குச்சியால் குத்தி வெளியே இழுத்தார்கள். பானை போன்ற கடற்பஞ்சுக்குள் பிள்ளையை உட்காரவைத்தார்கள். ரெக்ஸலின் நீந்திப் போய்த் தடுத்தால் எல்லோரும் ஒரே சைகைதான் காட்டினார்கள்: ஒரு விரல். ஒரே ஒரு நிமிடம் என்று அர்த்தம்.

அவள் தீவின் அவைக்கு ஒரு யோசனை சொன்னாள். ஆட்களைத் தடுக்க வேண்டாம். கடலடியில் மழுக்கலை என்ற அலையைப் பாய்ச்சும் கருவிகளைப் பதித்துவிடலாம். அந்த அலைக்குள் கண் பார்க்கும், விழிப்பேழை பதியாது. பார்க்க ஆசைப்பட்டவன் மட்டும் வருவான். செலவு குறைவு என்பதால் அவை ஒப்புக்கொண்டது.

மழுக்கலை தொடங்கிய முதல் நாள் கடலில் இறங்கியவர்கள் நாச்சிமுத்துவும் அவர் மனைவி சாருலதாவும். சோமனூரில் அவர் காட்சித்திரை நெய்பவர். ஜன்னல் இல்லாத வீடுகளில் மாட்டினால் அருவியோ தோப்போ அசைந்து தெரியும் திரைச்சீலைகள் அவை. திருமணமாகி இருபத்தைந்தாம் ஆண்டுக்காக வந்திருந்தார்கள். கழுதைமுனை என்று எழுதிய மஞ்சள் கல்லருகே இறங்கினார்கள்.

சரிவின் விளிம்பில் இரண்டு புள்ளித்திருக்கைகள் வந்தன. சிறகு வீசுவதுபோல அசைந்து, அவசரமே இல்லாமல் வந்தன. ஒன்று சாருலதாவின் தலைக்கு மேலே திரும்பி, வெண்மையான வயிற்றைக் காட்டிவிட்டு நீலத்துக்குள் கரைந்தது. அவள் கணவரின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

கரையேறியதும் நாச்சிமுத்து, பதிந்ததை ஓடவிட நெற்றிப்பொட்டைத் தட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். கரையில் நின்றிருந்த ரெக்ஸலின் விஷயத்தைச் சொன்னாள்.

அவர் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "எங்க மச்சான் நிலாவுக்குப் போயிட்டு வந்து மூணு மணி நேரம் உக்கார வெச்சுக் காட்டுனானுங்க. நாங்க போய் என்னத்தைக் காட்டறது?"

"நீங்க ரெண்டு பேரும் பாத்தீங்கல்லா?"

"நாங்க பாத்து என்னங்க ஆகறது? யாரு நம்புவாங்க?"

"நீங்க நம்புவீங்கல்லா."

நாச்சிமுத்து அவளை இரக்கத்தோடு பார்த்தார். மூளை வளர்ச்சி குறைந்த ஒருவரிடம் கோபப்படக் கூடாது என்ற நாகரிகம் அந்தப் பார்வையில் இருந்தது.

சாருலதா மட்டும் துவட்டிக்கொண்டே சொன்னாள். "உடுங்க. வந்த ரெண்டுல ஒண்ணோட வயிறு எத்தன வெள்ளை பாத்தீங்களா? சொசைட்டிப் பாலாட்டம்."

பார்க்க ஆசைப்பட்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்பது சில வாரங்களில் தெரிந்துவிட்டது. விடுதிகள் காலியாயின. மஞ்சள் கற்களருகே வண்டிகளுக்குப் பதிலாகத் தீவில் திரியும் கழுதைகள் நின்றன. அவைத்தலைவர் எதெல்மிரோ ரெக்ஸலினை வரச்சொன்னார். அவர் கழுத்தில் தொங்கிய மொழிமாற்றி மலிவானது. தமிழை ஏதோ பழைய பாடநூலிலிருந்து கற்றிருந்தது.

"அம்மையே, வருகையாளர் அருகிவிட்டனர். இத்திங்கள் இறுதியில் மழுக்கலையை நிறுத்துவோம். பொறுத்தருள்க."

"தலைவரே, இப்பதான் பவளம் தானா குட்டி போட ஆரம்பிச்சிருக்கு. நட்ட பெறகு இதான் முதத் தடவ. மறுபடி கூட்டத்த விட்டா ஒண்ணு மிஞ்சாது."

"பவளம் வாக்களிப்பதில்லை, அம்மையே," என்றது மொழிமாற்றி. அவர் சொன்னது அதைவிட மென்மையாக இருந்திருக்கலாம்.

ரெக்ஸலின் அன்று கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளைக் காப்பாற்றப் போகிறவர், அவள் யோசனையால் விடுமுறை நாசமாகிப்போன அதே சோமனூர்க்காரர் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

நாச்சிமுத்து ஊர் திரும்பவில்லை. வெறும் கையோடு திரும்ப மனம் வரவில்லை. விடுதி அறையில், எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகும் காட்சிநெசவியை விரித்தார். சாருலதா கட்டிலில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, அவர் நெய்தார். கடலின் நீலத்தை இரண்டு இழை கூட்டினார். அவள் மறந்த இடத்தில் மீன்களை வைத்து நிரப்பினார். முடித்ததை விழிப்பேழைக்குள் ஏற்றியதும், கண்ணால் பார்த்த மற்றப் பதிவுகளோடு அதுவும் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கிருந்து வந்தாய் என்று கேட்கும் பழக்கம் மூளைக்கு இல்லை.

சோமனூருக்கு அனுப்பினார்கள். நிலாவுக்குப் போன மச்சான் அரைநாள் பேசவே இல்லை.

விடுதியில் மிச்சமிருந்தவர்கள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். பத்தே நாளில் கழுதைமுனையின் மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் நாச்சிமுத்துவின் கடை எழுந்தது. முதலில் ஆட்கள் கடலுக்குள் போய்வந்து, பார்த்ததைச் சொல்லி நெய்துகொண்டார்கள். பிறகு, முதலில் நெய்துகொண்டு, அதில் உள்ளது கடலில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்து, இல்லை என்று குறைசொன்னார்கள். பிறகு போவதை நிறுத்திவிட்டார்கள். தலை நனைந்திருந்தால் வீட்டார் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதால் கடைவாசலில் உப்புநீர்க் குழாய் ஒன்று வைக்கப்பட்டது. குழாயடியில் வரிசை நின்றது. விடுதிகள் நிரம்பி வழிந்தன. மழுக்கலை தொடரட்டும் என்று எதெல்மிரோ உவகையோடு அறிவித்தார். அதுதான் கடையின் மூலதனம் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

ரெக்ஸலின் கடைக்குப் போய்ச் சண்டை போட்டாள். "இம்புட்டும் பொய்யில்லையா?"

"எதுங்க மேடம் பொய்யி? அவங்க வந்தது நெசம். ஊசி போட்டது நெசம். தலை நனைஞ்சது நெசம். மீன் மட்டுமுங்களே," என்றார் நாச்சிமுத்து. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்ப உங்க கடலுக்குள்ள எத்தன பேருங்க இருக்காங்க?"

யாரும் இல்லை. அவள் கடலுக்குத் திரும்பிவிட்டாள். சட்டத்தாலும் கெஞ்சலாலும் முடியாததை ஒரு குழாய் செய்துவிட்டது. பவளக் கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக் கூரை போட்டன. ஆண்டுக்கணக்கில் காணாமல் போயிருந்த மீன்கள் கூட்டமாக வந்தன. அவளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது. கடலை உண்மையிலேயே பார்த்தவள் என்று அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் சாருலதா. கடையில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவளிடம் போனாள்.

"வாரீங்களா, ஒரு தடவ முங்கிட்டு வருவோம்? அந்தத் திருக்கை ரெண்டும் தெனம் வருது."

"ரெண்டா?" சாருலதா சிரித்தாள். "ஏழுங்க. ஒண்ணு பின்னால ஒண்ணா, மாலையாட்டம்."

"அன்னைக்கு ரெண்டுன்னுதான சொன்னீங்க?"

"இல்லீங்களே. கண்ணை மூடுனா இப்பவும் தெரியுதே. ஏழு." அவள் பொய் சொல்லவில்லை. அவள் முகத்தில் அதே பழைய வியப்பு இருந்தது. அன்று கணவரின் கையைப் பிடித்த அதே விரல்கள் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தன.

பிறகு ஒரு காலையில், சரிவின் அடியில் தனியாக நட்டுக்கொண்டிருந்த ரெக்ஸலினுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. திரும்பினாள். சாம்பல் நிறம், பெருத்த உடம்பு, தடித்த மீசை, வழுக்கைத் தலை. ஒரு கடல்நாய். முதுகில் பழைய தழும்பு. அது அவளைப் பார்த்து மூக்கைச் சுருக்கியது. கரீபியன் கடல்நாய் என்ற இனம் அழிந்துவிட்டது என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே உலகம் எழுதி மூடிவிட்டது. எங்கேயோ, யார் கண்ணிலும் படாமல், அது தன் பாட்டுக்கு இருந்திருக்கிறது. மனிதர் இல்லாத கடல் ஒன்று கிடைத்ததும் வந்திருக்கிறது. ரெக்ஸலினின் கையிலிருந்த பவளத்துண்டு நழுவி மணலில் விழுந்தது. கடல்நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அவைக்குச் சொல்ல முடியாது. சொன்னால் மழுக்கலையை நிறுத்துவார்கள். உலகமே வந்து இறங்கும். ஒரு வாரத்தில் கடல்நாய் மறுபடி அழிந்துவிடும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒருவரிடமாவது சொல்லியாக வேண்டும். தூத்துக்குடியிலிருந்த அக்கா ஜெசிந்தாவை அழைத்தாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள். தங்கை அயல்நாட்டில் கல்லுக்குக் காவல் நிற்கிறாள் என்று இத்தனை காலமும் வருந்திக்கொண்டிருந்தவள்.

ரெக்ஸலின் எல்லாவற்றையும் சொன்னாள்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். "சரிட்டி. பேழையில இருக்கதை அனுப்பு, பாக்கேன்."

"அங்க பதியாதுக்கா. நாந்தான பதியக் கூடாதுன்னு சட்டம் போட வச்சேன்."

"வேளாவேளைக்குச் சாப்புடுதியா?" என்றாள் அக்கா. "தனியாக் கெடந்தா அப்படித்தாம்ளா. நம்ம ரோச் மாமாவுக்கும் கடைசில ஆளு வந்து நிக்க மாதிரித் தெரிஞ்சிச்சி."

"யக்கா, நெசமாவே சொல்லுதேன்."

"நான் இல்லங்கல. நீ ஊருக்கு வந்துரு."

கடையில் நெய்த காட்சியை நம்பிக் கடலுக்குள் தேடி வருபவர் யாரும் இல்லை. அதற்கடுத்த நாட்களில் ரெக்ஸலின் கடைப் பக்கம் இரண்டு முறை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை உள்ளே போய், வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் முறை வந்ததும் நாச்சிமுத்து எழுந்து நின்றார்.

"மேடம், நீங்க வரிசையில நிக்கோணுமா? சொல்லுங்க, என்ன வேணுமுங்க?"

"எங்க அக்காவுக்கு அனுப்பணும். நான் பாத்ததுதான் வேணும். பாத்தபடிக்கே. ஒண்ணும் கூட்டக் கூடாது."

"சத்தியமாக் கூட்டலீங்க."

அவள் சொன்னாள். அவர் நெய்தார். திரையில் மெல்ல எழுந்த உருவத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவருக்குத் தொழில்பக்தி உண்டு.

"தப்பா நினைக்காதீங்க. இது தொப்பையும் மீசையுமா எங்க வார்டு மெம்பராட்டம் இருக்குதுங்க. இதைப் பாத்தா யாரு நம்புவா? நெசமுன்னா கொஞ்சம் அழகா இருக்கும்னு சனங்க நினைப்பாங்க."

"அது அப்படித்தான் இருந்துச்சி."

"உங்க அக்கா நம்பணுமில்லீங்களா?"

ரெக்ஸலின் திரையைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் வரிசை நெளிந்தது. யாரோ தலையிலிருந்து உப்புநீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"அந்தத் தழும்ப மட்டும் எடுத்துருங்க," என்றாள்.

தழும்பு போனது. "நெறம் கொஞ்சம் வெளுப்பாக்கட்டுங்களா?" வெளுத்தது. மீசை மெலிந்தது. தொப்பை வற்றியது.

"கண்ணு?" என்றார் நாச்சிமுத்து.

"கொஞ்சம் பெருசா," என்றாள் ரெக்ஸலின். "ரொம்ப வேண்டாம்."

அன்று மாலையே அக்கா அழைத்தாள். அழுதுகொண்டிருந்தாள். தெருவில் உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிவிட்டதாகச் சொன்னாள். "இம்புட்டு அழகாட்டி அது? பால்கோவா மாதிரி இருக்கு. ஒன்ன நான் என்னமோன்னு நெனச்சிட்டேம்ளா." இத்தனை ஆண்டுகளில் அக்கா அப்படிப் பேசியதில்லை. ரெக்ஸலின் கட்டிலில் படுத்து, அந்தக் காட்சியை ஓடவிட்டுப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். கண்ணை மூடினால் ஓடவிடாமலே தெரியத் தொடங்கிய பிறகும் பார்த்தாள்.

அடுத்த மாதம், கடல் கண்ணாடிபோல இருந்த ஒரு நாள், அவள் கழுதைமுனைச் சரிவில் இறங்கினாள். பவளக் கூரையின் நிழலிலிருந்து, தழும்பும் தொப்பையுமாக ஒரு சாம்பல்நிறக் கிழட்டுக் கடல்நாய் வெளியே வந்து, அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. பழகிய முகத்தைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்து, மூக்கைச் சுருக்கியது.

வழியை மறைக்கிறதே என்று ரெக்ஸலின் அதைச் சுற்றிக்கொண்டு, தான் அன்று பார்த்த வெள்ளைக் கடல்நாயைத் தேடி ஆழத்துக்குள் நீந்திப் போனாள்.