ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது

லினக்ஸ் கணினியில் கன்டெய்னர் மென்பொருளை நிறுவி முடித்ததும், என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் கேட்டான். வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கன்டெய்னர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது வாரங்களாக ஓடுவதாகக் காட்டியது. பழைய கணினிதான், ஆனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் இன்று காலை லினக்ஸ் போட்டிருந்தான்.

உள்ளே நுழையப் பார்த்தான். அனுமதி இல்லை என்றது. மறுபடியும் இல்லை என்றது. கன்டெய்னர் என்பது ஒரு நிரலை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியே ஓடவிடும் மூடிய பெட்டி. உள்ளே கிடப்பது வெளியே வராது, அதுதான் அதன் பெருமையே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அதை நிறுத்தி, எல்லா அனுமதியும் கொடுத்து, கணினியின் மொத்த வட்டையும் அதற்குத் திறந்துவிட்டு மறுபடி ஓடவிட்டான்.

முதலில் வந்தது நாற்றம். கணினியின் விசிறித் துளைகளிலிருந்து, மூடி வைத்து அழுகிய இறைச்சியைத் திறந்ததுபோல் வெதுவெதுப்பாகக் கிளம்பி, மூக்கில் ஏறி, தொண்டையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, எச்சில் விழுங்கினாலும் இறங்காமல் நின்றது. துளையொன்றில் ஈர முடி தொங்கியது. இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. சீ! நுனியில் தோல்.

"என்னங்க, அங்க எலி ஏதும் செத்துக் கிடக்கா?" பக்கத்து அறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"கம்ப்யூட்டர்தான். நீ கதவச் சாத்திக்க."

"நீங்களும் உங்க ஓட்டைக் கம்ப்யூட்டரும்!"

அவளுடைய படங்களைக் காலையில் மறுபடி நகலெடுத்து வைத்திருந்த கோப்புறையில் அவன் வைக்காத கோப்புகள் முளைத்திருந்தன. பல் ஒன்று, பல் இரண்டு என்று முப்பத்திரண்டு வரை. அதற்குக் கீழே நாக்கு. இடது கண். வலது கண். ஒன்றைத் திறந்தான். திரை நிறைய ஈறு. நனைந்து, மெல்லத் துடித்தது. அருவருப்பில், எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லித் தட்டினான். பெயர்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

"என்னங்க... என் பல்லு..."

தரையில் ஏதோ விழுந்தது. டக். மறுபடி டக்.

அவனுக்குப் புரிந்தது. நிறுத்தச் சொல்லித் தட்டினான். விசைகளின் மேல் சளி. விரல் வழுக்கியது. ஒயரைப் பிடுங்கினான். விசிறி நிற்கவில்லை.

"என்னங்க, சீக்கிரம் வா..."

அவ்வளவுதான். அவள் குரல் பாதியில் அறுந்தது.

கதவு திறந்தது. இரண்டு கைகளையும் ஏந்தியபடி வந்து நின்றாள். கை நிறையப் பற்கள். அவற்றின் மேல் நாக்கு, இன்னும் எதையோ சொல்லப் பார்த்தது. அவள் கண்கள் அவனைக் கெஞ்சின.

திரையில் இரண்டு பெயர்கள் மிச்சம்.

பிறகு ஒன்று.

இடது கண் கன்னத்தில் வழுக்கி இறங்கியது. வலது கண் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.