வயிற்றில்தான் இருக்கிறது

அந்த மதியம் அறைக்குள் இருந்தவர்கள் நான்கே பேர்: பக்கவாதத்தில் விழுந்த அப்பா, அவர் மகன்களில் மூத்தவர், மூத்தவரின் மனைவி, இளையவன். ஐந்தாவது ஆள் கிடையாது.

அப்பா இருமவில்லை. அதுதான் இளையவனை முதலில் உறுத்தியது. காலையில் கழன்றுவிட்ட, பால் செலுத்தும் குழாயை, நர்ஸ் செய்வதைப் பார்த்துப் பழகிய மூத்தவர் மூக்கு வழியாகத் தள்ளியபோது, எப்போதும் குமட்டித் திமிறுகிறவர் சும்மா விழித்துக் கிடந்தார். மருந்து நெடியும் ஈரத்துணி வாடையும் தேங்கிய அறையில், திரைச்சீலையின் நிழல் அவர் முகத்தில் ஏறி இறங்க, தொண்டைக்குக் கீழே எங்கோ மெல்லிய சீழ்க்கை ஒன்று மூச்சோடு வந்து போனது.

குழாய் எங்கே இறங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்காமல் ஒரு சொட்டும் விடக்கூடாது என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். மூத்தவர் மசியவில்லை. தலைநிமிர்ந்து நடந்த மனிதரை ஸ்ட்ரெச்சரில் கிடத்தித் தெருவுக்கு வேடிக்கை காட்டுவதா என்று கேட்டார். சிரிஞ்சால் குழாயில் காற்றடித்து, ரத்த அழுத்தம் பார்க்க வாங்கிய ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்தார்.

"சத்தம் கேக்குது. வயித்துலதான் இருக்கு."

"நுரையீரலுக்குப் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேக்கும்ணே. எடுத்துரலாம்."

"நீ எப்படா டாக்டருக்குப் படிச்ச? பால எடு."

அண்ணி ஊற்றினார். அப்பாவின் முதுகு வில்லாக வளைந்தது. வலக்கை எழும்பிக் குழாயைப் பற்றியது.

"வழக்கமான வீம்பு. கையப் பிடி, பிடுங்கிடுவாரு."

அண்ணன் சொன்னால் செய்துவிட்டுத்தான் யோசிப்பது அந்த வீட்டுப் பழக்கம். இளையவன் பிடித்தான். எலும்பும் தோலுமான கை மாடு முட்டுவதுபோல் முட்டியது. நகம் அவன் கன்னத்தைக் கிழித்தது. கட்டில் சுவரில் இடித்தது. மறுபடி இடித்தது. மூத்தவர் முழங்காலை அப்பாவின் நெஞ்சில் ஊன்றினார். விலா ஒன்று முறிந்தது.

"இன்னும் கொஞ்சம்தான். ஊத்து."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார்.

மூக்கில் பால். வாயில் நுரை. வெள்ளை. பிறகு சிவப்பு. நீலம் பாய்ந்த உதடு. அப்பாவின் கண்கள் இளையவனை விட்டு அகலவில்லை. உள்ளே கொதிக்கும் சத்தம்.

நெஞ்சு நின்றது. நுரை நிற்கவில்லை.

அப்பா தாமே குழாயைப் பிடுங்கிக்கொண்டு செத்தார் என்று வெளியே ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். வாதத்துக்குத் தப்பி அவருக்கு விளங்கியது ஒரே ஒரு கை. அதை இளையவன் இரண்டு கைகளாலும், அது குளிர்ந்த பிறகும், அமுக்கிப் பிடித்திருந்தான்.